கைதட்டலுக்குப் புள்ளி

எங்கள் தோட்டத்து பேண்ட் குழுவை யாராலும் தோற்கடிக்க முடியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

லிந்துலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் ட்ரம்மை விட மனசு வராதவர்கள் சேர்ந்து தொடங்கிய குழு. ஐந்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளையும் இருப்பாள், வேலையிலிருந்து நின்ற கிழவரும் இருப்பார். போட்டியின் விதியே அதுதான், எல்லா வயதிலும் ஆள் வேண்டும். நான் பகலில் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனால் கைக்குழந்தைகளை நாங்கள்தான் பார்த்துக்கொள்வோம். நாள் முழுக்க அழுகைச் சத்தம் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் சின்ன ட்ரம்மை மாட்டினால் எனக்கு உயிர் வரும். வேறென்ன இருக்கிறது எனக்கு?

எங்கள் மாஸ்டர் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெஷின் பார்ப்பவர். மெஷினோடு பழகிப் பழகி மனுஷரையும் அப்படியே ஓட்டுவார். வரிசை கோணக்கூடாது, சப்பாத்து மினுங்கவேண்டும், பல்லைக் காட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மலையில் மைதானம் என்றால் பாதி சரிவு, பாதி சேறு. அடிக்கும்போது யாருக்காவது கால் வழுக்கும், கை நிற்கும். ஒருவர் கை நின்றால் அந்த நொடியே எல்லார் கையும் நிற்கவேண்டும் என்று பழக்கியிருந்தார். அடிக்காமல் நாலு எட்டு நடக்கவேண்டும். ஐந்தாவது எட்டில் அத்தனை கோலும் ஒன்றாக விழவேண்டும்.

"யாரு விட்டதுன்னு கடவுளுக்கும் தெரியக்கூடாது" என்பார். பயிற்சி நேரத்தில் பின்னால் வந்து யாராவது ஒருவர் கையைப் பிடித்து நிறுத்துவார். மற்றவர்கள் நிற்காவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போக இருட்டிவிடும். ஆனால் போட்டியில் அதற்குத் தேவையே வந்ததில்லை. எங்களில் யாருடைய கையும் நின்றதில்லை.

என் தங்கச்சியும் இந்தக் குழுவில்தான் இருந்தாள், எனக்கு வலப்பக்கம். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்தோம். போன வீட்டில் யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி ஊற்றுவாள், தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போவாள். ஊமையா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்களாம். ஒருநாள் அங்கே இளைஞர் கழகத்து அறையில் படங்கு போர்த்திக் கிடந்த ட்ரம்களைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அந்தத் தோட்டத்துக்கு அவள் குரல் தெரிந்தது.

குழு சேர்த்தாள் பாருங்கள், அதுவல்லவா குழு! பெரிய ட்ரம்முக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். சின்ன ட்ரம்முக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொஞ்சம், கொழுந்து பறிக்கிற பெண்கள் கொஞ்சம். மருமகள் இப்படி ஆடுகிறாளே என்று சண்டைக்கு வந்த மாமியார் கையில் யாரோ பித்தளைத் தாளத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மா அப்புறம் அதைக் கீழே வைக்கவே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கான்வஸ் சப்பாத்து போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்று அடிப்பார். வரிசை கோணும், பிள்ளைகள் சிரிப்பார்கள், அடி மட்டும் காவடி அடியாக விழும். பார்க்கிறவன் கால் சும்மா இருக்காது.

சித்திரை வருஷப் பிறப்பு விளையாட்டுப் போட்டியில்தான் எங்கள் பேண்ட் போட்டி நடக்கும். முதலில் பல தோட்டங்கள் வந்தன. எப்போதும் நாங்களே ஜெயித்ததில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் மிஞ்சியது நாங்களும் தங்கச்சி குழுவும்தான். தங்கச்சி குழு அடித்து முடித்ததும் சனம் கிளம்பிவிடும். நாங்கள் மினுங்குகிற சப்பாத்தோடு இறங்கும்போது மைதானத்தில் எங்கள் தோட்டத்து ஆட்களும் நாலு நாயும்தான் நிற்பார்கள். எவன் ஜெயிப்பான் என்று தெரிந்த போட்டியை எவன் பார்ப்பான்?

விழாக் குழுவும் யோசித்திருக்கிறது. போன வருஷம் புது விதி ஒன்று போட்டார்கள். உடுப்புக்குக் கொடுத்த புள்ளியை எடுத்துவிட்டு, அதைக் கூட்டத்தின் கைதட்டலுக்குக் கொடுப்பதாம். வரிசை, அடி, கைதட்டல், இந்த மூன்றுக்கும் சமமான புள்ளி. கேட்டதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எங்களுக்கு எவன் தட்டப்போகிறான்!

அந்தச் சந்தோஷத்தோடுதான் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அவள் குரல் சரியில்லை.

"அக்கா, இந்தத் தடவையும் தோத்தா ட்ரம்மெல்லாத்தையும் ஸ்கூலுக்குக் குடுத்துடப் போறாங்களாம். கிரிக்கெட் பசங்க அந்த ரூமக் கேக்குறாங்க. கழகத்துல முடிவு பண்ணிட்டாங்க."

"குடுத்தா என்னடி, ஸ்கூல் புள்ளைங்க அடிக்கட்டுமே" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"அத்தைய ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா? நான் எங்க போய் அடிக்கிறது? இந்த வீட்டுல நான் நிமிந்து பேசுனதே அந்த ட்ரம் வந்தப்புறந்தான்க்கா."

அழவில்லை அவள். அழுதிருந்தால் திட்டியாவது தேற்றியிருப்பேன். அழாமல் சொன்னதுதான் என்னைப் போட்டு அறுத்தது.

அந்த ஞாயிறு பயிற்சி முடிந்ததும் மாஸ்டரிடம் போய் நின்றேன்.

"மாஸ்டர், இந்த வருஷம் பழைய அடியையே அடிப்போமே. புது அடி கஷ்டமா இருக்கு."

"ஒனக்கா கஷ்டம்? நீ தூக்கத்துலகூட அடிப்ப. என்ன விஷயம், சொல்லு."

சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி வேற, போட்டி வேற. விட்டுக்குடுத்து ஜெயிக்க வச்சா அது பிச்ச போடுறது. அந்தப் புள்ளைக்குக் கோல் புடிக்கச் சொல்லிக்குடுத்தது நான். அதுக்கு நான் பிச்ச போடமாட்டேன்."

மெஷினுக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் வைதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

போட்டியன்று காலையில் வெயில்தான். மத்தியானத்துக்கு மேல் நானுஓயாப் பக்கமிருந்து மூடிக்கொண்டு வந்தது. சீட்டுக் குலுக்கியதில் தங்கச்சி குழுதான் முதல். அவர்கள் மைதானத்துக்குள் இறங்கவும் தூறல் போடவும் சரியாக இருந்தது. சனம் குடையை விரித்தது. குடையில்லாதவன் சாக்கைப் போட்டுக்கொண்டான்.

எப்படி அடித்தார்கள் தெரியுமா? மாமியார் தலையில் ஈரம் சொட்டச் சொட்டத் தாளத்தை மோதினார். டிராக்டர்காரர் பெரிய ட்ரம்மைப் பிளந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. என் தங்கச்சி நடுவில் நின்று, நிமிர்ந்த தலையோடு, கூட்டத்தைப் பார்த்து அடித்தாள். குடைகள் எல்லாம் மேலும் கீழும் ஆடின. ஆடாத ஆளே இல்லை. ஆனால் முடிந்ததும் சத்தமே வரவில்லை. ஒரு கையில் குடை, இடுப்பில் பிள்ளை. எந்தக் கையால் தட்டுவார்கள்? சனம் காலால் ஆடியது. காலுக்குப் புள்ளி இல்லையே! ஐயோ, குடையை மடக்குங்களேன், தட்டுங்களேன் என்று ஓடிப்போய்க் கத்தவேண்டும்போல இருந்தது. மாஸ்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

நாங்கள் இறங்கவும் தூறல் விட்டது. பாழாய்ப்போன வானம்! குடைகள் மடங்கின. வழக்கமாகக் கிளம்பிவிடும் சனம், புது விதியில் யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்க அப்படியே நின்றது. இரண்டு சுற்று சுத்தமாகப் போனோம். வரிசை நூல் பிடித்தது. என் கை தன்பாட்டில் அடித்தது, மனசு மட்டும் கணக்குப் போட்டது. வரிசை எங்களுக்கு. அடியும் எங்களுக்கு. கைதட்டலும் அவளுக்குச் சரியாக விழவில்லை. அவள் கதை முடிந்தது. மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டு பீலிக்குப் போவாள்.

கையை நிறுத்தினேன்.

வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். மாஸ்டருடைய பழக்கம் எனக்குத் தெரியாதா? தெரியும். எல்லாரும் நிற்பார்கள், நடுவில் அடி அறுந்துபோகும், நடுவர்கள் புள்ளியை வெட்டுவார்கள், அதுபோதும் என்றுதான் நினைத்தேன்.

நின்றார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையின் கோலும் கிழவரின் கோலும் பெரிய ட்ரம்மும் ஒரே நொடியில் நின்றன. அத்தனை சத்தத்துக்குப் பிறகு மைதானத்தில் எங்கள் கால்கள் மட்டும் ஈரத்தில் விழுந்தன. ஒரு எட்டு. இரண்டு. கூட்டத்தில் பேச்சு நின்றது. மூன்று. எங்கேயோ ஒரு குழந்தை விக்கியதுகூடக் கேட்டது. நாலு. அப்புறம் அத்தனை ட்ரம்மும் ஒன்றாக முழங்கின.

என் பிறப்பில் எங்கள் குழுவுக்கு அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. விசில் அடித்தார்கள், தொப்பியை எறிந்தார்கள். நுவரெலியாவிலிருந்து வந்திருந்த சிங்கள நடுவர் கதிரையை விட்டு எழும்பி "நியமாய்! நியமாய்!" என்று தட்டினார். பிரமாதம் என்று அர்த்தம். தட்டாதீர்கள், அது பிழை, நான் செய்த பிழை என்று யாரிடம் சொல்வது? கழுத்தில் ட்ரம், முன்னால் முதுகு, பின்னால் வரிசை. என் கை அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனது. கண்ணில் தண்ணீர் வந்தது. கூட்டம் அதையும் சந்தோஷம் என்று நினைத்திருக்கும்.

முடிவு சொல்ல நடுவர்களில் ஒருவரான பாட்டு டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்றேங்க. மழையில சனம் கொடையோட ஆடுனத நாங்க பாத்தோம். கை தட்டலன்னு கொறைக்கல, மொதல் குழுவுக்குத் தாராளமாத்தான் போட்டிருந்தோம். இந்தத் தடவ அவங்கதான்னு எங்களுக்குள்ள பேசிக்கிட்டுக்கூட இருந்தோம். ஆனா அந்த அமைதி வந்துச்சு பாருங்க, அதோட எல்லாம் மாறிப் போச்சு."

எங்கள் ஆட்கள் எங்களைத் தூக்காத குறை. நான் கழுத்து ட்ரம்மோடு வாசலுக்கு ஓடினேன்.

மைதானத்து வாசலில் தங்கச்சி குழுவின் லொறி நின்றது. டிராக்டர்காரர் ட்ரம்களை ஏற்றிக்கொண்டிருந்தார். கழகத்து ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, ஸ்கூல் வாசலிலேயே இறக்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு அவசரம். மாமியார் தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார், யாரையும் பார்க்கவில்லை. தங்கச்சி என்னைக் கண்டதும் இறங்கி வந்தாள். எங்கள் குழுவில் என் பக்கத்தில் நின்று பழகியவள். மற்றவர்களுக்கு அந்த அமைதி வித்தை. அவளுக்கு அது என்ன என்று தெரியும்.

"நீதானே விட்ட?"

நான் ட்ரம்மின் வாரைக் கழற்றப் பார்த்தேன்.

"ஒன் கை தானா நிக்காதுக்கா. எனக்குத் தெரியாதா?"

"ஒனக்காகத்தான்டி. கொட புடிச்சிக்கிட்டு ஒருத்தரும் தட்டல. நீ தோத்துடுவியோன்னு..."

"ஒழுங்கா அடிச்சிருக்கலாமேக்கா" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். "நீ ஒழுங்கா அடிச்சிருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம்."

லொறி கிளம்பியது. ஏறி உட்கார்ந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு போனில் பேசுகிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிறாள், மழை என்கிறாள், ரொட்டி சுட்டேன் என்கிறாள். ஏன் மெதுவாகப் பேசுகிறாய் என்று கேட்டால், பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்கிறாள்.

இந்த வருஷம் போட்டி இல்லை, எங்களோடு மோத ஆளில்லை. ஆனாலும் விழாக் குழு எங்களைச் சும்மா அடித்துக் காட்ட வரச்சொன்னது. ஹட்டனிலும் கூப்பிட்டார்கள். எல்லாரும் கேட்பது அந்த ஒன்றைத்தான். மாஸ்டர் அதை மூன்றாவது சுற்றில் நிரந்தரமாக வைத்துவிட்டார். யார் தொடங்குவது என்று பயிற்சியில் பேச்சு வந்தபோது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீயே நிறுத்து" என்றார். "ஒன் கைதான் நேரத்துக்கு நிக்கிது."

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் மூன்றாவது சுற்றில் நான் கையை நிறுத்துகிறேன். எல்லாரும் நிற்கிறார்கள். நாலு எட்டு நடக்கிறோம். கூட்டம் எழும்பி நின்று தட்டுகிறது. நான் என்ன செய்ய?