ஆர்கன்காரரின் பிடரி

சனிக்கிழமை சாயங்காலம் சலூனில் கூட்டம் இருக்காது என்று எவனாவது சொன்னால், அவன் ஜென்மத்தில் முடி வெட்டிக்கொள்ளாதவனாக இருக்க வேண்டும். பெஞ்சில் ஆறு பேர், வாசலில் மூன்று பேர் காத்திருப்பார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால், ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது என் மச்சான் கத்தரியை வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விடுவார். தெருக்கோடி சர்ச்சில் ஆர்கன் கச்சேரி. இரண்டாவது நாற்காலியில் நிற்கிற நான் ஒன்பது தலைகளோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

மச்சான் என்றால் அக்காவின் கணவர். கடை அவருடையது. வீட்டில் ரேடியோ போட்டால்கூட சத்தத்தைக் குறைக்கச் சொல்கிற மனுஷன். ஒன்பது வருடத்துக்கு முன்பு மழைக்கு சர்ச்சில் ஒதுங்கியவர், ஆர்கனின் அடிக்குரல் பெஞ்சுப் பலகை வழியாக முதுகில் ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். "காலைலேர்ந்து நின்ன வலி எங்க போச்சுன்னே தெரியல மாப்ளே" என்றார். அன்றிலிருந்து ஒரு மாதமும் தவறவில்லை. அக்காவுக்கு முதலில் சந்தேகம். ஒரு தடவை கூடவே போய், பாதியில் தூங்கி, "அங்க வர்றது பூரா கிழடுங்கடா" என்று நிம்மதியாகத் திரும்பி வந்தாள்.

அந்த சர்ச்சில் ஆர்கன் முன்பக்கம் இருக்கிறது. வாசிக்கிறவர் நமக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். மச்சானுக்கு முதல் வரிசை. ஆக, ஒரு மணி நேரமும் கண்ணெதிரே இருப்பது ஆர்கன்காரரின் பிடரி. தொழில் சும்மா விடுமா? "எவன்டா இவருக்கு வெட்டறான்? இடது பக்கம் ஒரு விரக்கடை இறங்கியிருக்கு" என்று திரும்பி வந்து புலம்புவார். இசையைப் பற்றி இரண்டு வார்த்தை, பிடரியைப் பற்றி இருபது.

ஒரு மாதம் கச்சேரியிலிருந்து திரும்பியவர் பிடரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடைந்து கேட்டேன்.

"அவர் காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம் இருக்கும்டா. கடுகு மாதிரி இருந்தது, மிளகு மாதிரி ஆயிருக்கு. ஓரமெல்லாம் பிசிறு."

அடுத்த மாதம் ஆர்கன்காரரின் வெள்ளைக் காலரில் ஒரு பொட்டு ரத்தம் இருந்ததாம்.

"சொல்லித் தொலைங்களேன் மச்சான்!"

"என்னன்னு சொல்றது? முன்னபின்ன ஒரு வார்த்தை பேசினதில்ல."

தலையில் பார்த்ததைத் தலையோடு விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். முன்பு ஒரு பேங்க் அதிகாரியிடம், உச்சியில் முடி பூச்சி அரித்த மாதிரி கொட்டியிருக்கிறது என்று மச்சான் நல்லெண்ணத்தில் சொல்லப்போக, அந்த ஆள் பாதி வெட்டோடு எழுந்து போய்விட்டார். "இவரும் கோவிச்சுக்கிட்டா, அப்புறம் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியுமா?" என்றார் மச்சான். அவருக்கென்று இருந்தது மாதத்தில் அந்த ஒரு மணி நேரம்தான். அதை இழக்கப் பயம். எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் நானும் போய்ச் சொல்லவில்லையே.

மூன்றாவது மாதம் காலரில் ரத்தம் நாலணாக் காசு அகலம் இருந்தது. அன்று கூட்டம் கலையும்வரை மச்சான் வாசலிலேயே நின்றார். கடைசியில் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "சார், தெருவிலதான் என் கடை. ஒருநாள் வாங்க. இடது பக்கம் வெட்டு சரியில்ல."

ஆர்கன்காரர் சிரித்துவிட்டார். திங்கட்கிழமையே வந்தார்.

வெட்டி முடித்ததும் பின்னால் கைக்கண்ணாடி பிடிப்போமே, அது இரண்டு விநாடி வேலை. தலையை ஆட்டுவார்கள், எடுத்துவிடுவோம். ஆர்கன்காரரும் ஆட்டினார். மச்சான் கண்ணாடியை எடுக்கவில்லை. மறுபடியும் ஆட்டினார். கண்ணாடி அங்கேயே நின்றது. அப்புறம்தான் அவர் உற்றுப் பார்த்தார்.

"என்ன இது?"

"டாக்டரப் பாருங்க சார். இன்னைக்கே."

புற்றுநோய். கழுத்து வரை இறங்கியிருந்ததாம். ஆபரேஷன், நான்கு மாதம் கச்சேரி கிடையாது. முதல் சனிக்கிழமைகளில் மச்சான் கடையிலேயே இருந்தார். கிருதாவை ஏற்றி இறக்கி வெட்டி இரண்டு பேரிடம் திட்டு வாங்கினார். "ரெண்டு மாசம் வாய மூடிட்டு இருந்தேன்டா" என்று என்னிடமே பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

ஐந்தாவது மாதம் ஆர்கன்காரர் வந்தார். பாதியாக இளைத்திருந்தார், காதிலிருந்து தோள்வரை தழும்பு. துணியைப் போர்த்தியதும் மச்சான் கத்தரியைத் தொடாமல் சொன்னார்: "நான் முன்னாடியே பார்த்தேன் சார். ரெண்டு மாசம் சொல்லல."

ஆர்கன்காரர் கண்ணாடியில் மச்சானையே பார்த்தார்.

"டாக்டர் கேட்டார், வீட்ல யாருமே பார்க்கலையான்னு. வீட்ல யார் இருக்கா?" தழும்பைத் தொட்டுப் பார்த்து, "கோவம் வருது. இல்லன்னு சொன்னா பொய்" என்றார்.

மச்சான் போர்த்திய துணியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"திரும்ப வந்தாலும் வருமாம். மாசாமாசம் பார்க்கணுமாம். என் கழுத்து எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

"நான் பார்க்கறேன் சார்."

"பார்த்தா போதாது."

"அந்த நிமிஷமே சொல்லிடறேன்."

"சரி. நான் வாசிக்கறதுக்கு முன்னாடி பாருங்க. சுத்தமா இருந்தா தொண்டையைச் செருமுங்க. செருமலன்னா நான் புரிஞ்சுக்கறேன்."

அந்த முதல் சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். வாடிக்கையாளர்கள் திட்டட்டும். ஆர்கன்காரர் வந்து வணங்கி, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இடது கை விரலால் காலரைக் கீழே இழுத்துவிட்டார். பிறகு கைகளைக் கட்டைகளுக்கு மேலே தூக்கி, அப்படியே வைத்திருந்தார். எழுபது பேர் காத்திருந்தார்கள். மச்சான் முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "சீக்கிரம் மச்சான்" என்று கிசுகிசுத்தேன். அவர் அவசரப்படவில்லை. இன்னொரு தடவை பார்த்தார்.

பிறகு பலமாகத் தொண்டையைச் செருமினார். பக்கத்திலிருந்த அம்மாள் திரும்பி முறைத்தார். ஆர்கன்காரர் கைகளைக் கட்டைகளில் இறக்கினார்.