பத்தாவது பெயர்

போன வாரம் எங்கள் கம்பெனியில் எல்லாருடைய சர்டிபிகேட்டுகளையும் மறுபடி சரிபார்க்கப் போகிறோம், பழைய ஃபைலைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். திருப்பதி வீட்டு பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே கிடந்தது என்னுடையது. திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. எனக்கு அந்த வாசனை வந்தாலே மிஷன் ஹாஸ்டலின் டிரங்குப் பெட்டிகள் ஞாபகம் வந்துவிடும். சித்தூரில் அந்த ஹாஸ்டலில்தான் மூன்று வருஷம் இருந்தேன். பெட்டிக்குப் பெட்டி இரண்டு உருண்டை போட வேண்டும் என்பது வார்டனம்மாவின் சட்டம். அதனால் எங்கள் துணி, புத்தகம், தலைமுடி எல்லாமே அப்படித்தான் மணக்கும்.

மறுநாள் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஹெச்.ஆரில் இருக்கும் பெண்ணுக்கு இருபத்திநாலு வயதிருந்தால் அதிகம். மார்க்ஸ் மெமோவை மேலிருந்து கீழே பார்த்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"மேத்ஸ் எம்பத்தெட்டு, பிஸிக்ஸ் எழுபத்தொம்பது. தமிழ்ல மட்டும் நாப்பத்தொண்ணா? நீங்க தமிழ்தானே மேடம்?"

"ஆமாம்மா. அதுக்குப் பின்னாடி ஒரு கதையே இருக்கு" என்றேன். அவளுக்குக் கேட்க நேரமில்லை. வரிசை நீளமாக இருந்தது. உங்களுக்கு நேரமிருந்தால் சொல்கிறேன்.

இப்போது மாதிரி கிரெடிட் கணக்கெல்லாம் அன்று கிடையாது. பி.எஸ்ஸி. என்றால் கணக்கு, பௌதிகம், ரசாயனம் மட்டும் படித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருவோம். வந்த பிறகுதான் தெரியும், கூடவே ஆங்கிலம், இரண்டாம் மொழி, பாரம்பரியமும் பண்பாடும், சுற்றுச்சூழல் என்று ஒரு படையே காத்திருக்கிறது என்று. சுற்றுச்சூழல் பாடத்தை எங்களுக்கு எடுத்தவர் விளையாட்டு வாத்தியார். மரம் நடுங்கள் என்று சொல்லிவிட்டு வாலிபால் ஆடப் போய்விடுவார். இந்தப் பாடங்களை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றில் கோட்டை விட்டாலும் டிகிரி கைக்கு வராது.

என் பயமெல்லாம் இரண்டாம் மொழி மேல்தான். நான் விஜயபுரம் பக்கத்து கிராமம். எல்லையோரத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தெலுங்கில் சண்டை போடச் சொன்னால் போடுவேன், ஒரு பக்கம் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். தெலுங்கு எடுத்தால் பெயில். பெயிலானால் டிகிரி இல்லை. டிகிரி இல்லையென்றால் ஊரில் மாப்பிள்ளை தயாராக இருந்தார், வேர்க்கடலை வியாபாரி. நல்ல மனிதர்தான். ஆனால் எனக்கு வேண்டியது வேலை.

காலேஜ் ஆபீஸ் ஜன்னலில் "தமிழ்" என்று சொன்னதும் கிளார்க் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். "பதி மந்தி உண்டேனே செக்ஷன். லேகபோத்தே தெலுகு தீஸ்கோம்மா." பத்துப் பேர் சேர்ந்தால்தான் தமிழ் வகுப்பு, இல்லாவிட்டால் தெலுங்கு எடுத்துக்கொள். ஒரு வாரம்தான் டைம்.

ஒரு வாரம் போதும் என்று முடிவு செய்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. எல்லாமே போதும் என்று தோன்றுகிற வயது.

காலேஜிலேயே விசாரித்து ஆறு பெயர்களைச் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் இரண்டு தமிழ்ச் சபைகளுக்குப் போனேன். ஆராதனை முடிந்து வாசலில் நின்று, உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது எங்கள் காலேஜில் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்டேன். சபைப் பெரியவர்களுக்கு ஒரே உற்சாகம். பெயர்களை வாரி வழங்கினார்கள். விசாரித்தால் ஒருத்தி கல்யாணமாகி அரக்கோணத்தில் இருக்கிறாள், இன்னொருவன் இன்ஜினியரிங் போய்விட்டான். அலசி எடுத்ததில் மூன்று பேர் தேறினார்கள். என்னோடு சேர்த்துப் பத்து. அன்று மத்தியானம் ஹாஸ்டலில் இரண்டு ஆள் சோறு சாப்பிட்டேன்.

பெயர்ப் பட்டியலைக் கொடுத்தபோது கிளார்க், நாளைக்குப் பத்துப் பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், நாளைதான் கடைசி நாள் என்றார். எல்லாரையும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லி ஆளனுப்பினேன். சாயங்காலம் வந்தார்கள். என்னையும் சேர்த்து எண்ணினேன், ஒன்பது. திரும்ப எண்ணினேன், ஒன்பதுதான்.

"எஸ்தர் யாரு, இன்னும் வரலியா?"

"நாந்தான்" என்று பி.காம். பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"அப்ப ருக்மணி வரல."

"அதுவும் நாந்தான். சபையில எஸ்தர், சர்டிபிகேட்ல ருக்மணி."

பி.காம். படிக்கும் ஒரு தோழி சொல்லி ருக்மணியை எழுதியிருந்தேன். சபைப் பெரியவர் சொல்லி எஸ்தரையும் எழுதியிருந்தேன். பாதிரியார் வைத்தது ஒன்று, பள்ளியில் சேர்த்த வாத்தியார் எழுதியது ஒன்று என்று எங்கள் சபைகளில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். எனக்கே இரண்டு உண்டு. அந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு, முகத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் சேர்த்தால் இப்படி ஆகும் என்று தோன்றவே இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. ஆபீஸ் திறக்க மறுநாள் பத்து மணி ஆகும், அதுவரை டைம் இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

நேராகக் கல்பனா வீட்டுக்குப் போனேன். என் வகுப்புதான் அவள். முதல் பெஞ்சு. வீட்டில் பேசுவது தமிழ், படித்தது முழுக்கத் தெலுங்கு மீடியம். தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. மார்க்குக்காக சமஸ்கிருதம் எடுத்திருந்தாள். விடையைத் தெலுங்கு எழுத்தில் எழுதினால் போதும், தொண்ணூறு நிச்சயம் என்பது அப்போது ஊரறிந்த ரகசியம். திருப்பதியில் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்பது அவள் கனவு.

விஷயத்தைச் சொன்னேன்.

"தொண்ணூறு வர்றத வுட்டுட்டு உங்கூட வந்து நாப்பது வாங்கணுமா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் கேட்டது நியாயம், நான் கேட்டது அநியாயம். தெரிந்தேதான் கேட்டேன்.

மறுநாள் நான் போவதற்கு முன்பே ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். "எழுத்து நீதான் கத்துக் குடுக்கணும். பெயிலானேன், உன்ன சும்மா வுடமாட்டேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள், தெலுங்கில்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அ, ஆ தான். கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் பின்பக்கம் அவளுக்கு சிலேட்டு. ஒரு கையால் புளிச்சோறு தின்றுகொண்டே மறு கையால் எழுதுவாள். "இத்தன சத்தத்துக்கும் ஒரே 'க'வா? என்னாடி கஞ்சத்தனம் இது?" என்று திட்டுவாள். எங்கள் தமிழ் சார் தினமும் காட்பாடியிலிருந்து ரயிலில் வருவார். கடைசி பெஞ்சில் ஒரு பி.எஸ்ஸி. மாணவி ஒன்றாம் வகுப்புக் கோடு இழுப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பாடம் நடத்துவார். ஆறு மாதத்தில் எழுத்துக் கூட்டினாள். வருஷக் கடைசியில் கட்டுரை எழுதினாள்.

ரிசல்ட் வந்தது. கல்பனாவுக்கு அறுபத்திரண்டு. கற்றுக்கொடுத்த எனக்கு நாற்பத்தொன்று. எனக்குத்தான் தமிழ் தெரியுமே என்று நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. இந்தத் திமிருக்கு நாற்பத்தொன்றே தாராளம்.

ஆனால் அறுபத்திரண்டு தொண்ணூறு ஆகாது. திருப்பதி சீட்டு அவளுக்குக் கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பயம். அவள் பி.எட். முடித்து, கல்யாணமாகி நாயுடுபேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சரானாள். எனக்கு வேலை கிடைத்தது. பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்வோம், அவ்வளவுதான்.

ஹெச்.ஆரில் சர்டிபிகேட் காட்டிய அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது, ஃபைல் இன்னும் மடியில் இருந்தது. இருபது வருஷம் ஒத்திப்போட்டது போதும் என்று போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கல்பனா, உன் எம்.எஸ்ஸி. சீட்டு என்னாலதானே போச்சு?"

"தமிழாலதான் போச்சு" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். "உனக்காக எடுத்தேன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தியா? எங்க நைனா தெனம் சாயங்காலம் ஒரு நோட்ல தமிழ்ல என்னமோ எழுதிக்கினே இருப்பாரு. கேட்டா சிரிப்பாரு. என்னாதான் எழுதறாருன்னு பாக்கணும்னுதான் எடுத்தேன்."

"பாத்தியா?"

"அவரு இருக்கற வரைக்கும் கைல குடுக்கல. போனப்பறம் எடுத்தேன். நான் பொறந்த நேரம், மழை வந்த நாளு, அம்மாகூட போட்ட சண்ட, எல்லாம் தேதி போட்டு எழுதி வெச்சிக்கிறாரு. ஒரு வாரம் அம்மாவுக்குப் படிச்சிக் காமிச்சேன். சிரிச்சிக்கினே அழுதாங்க."

அவளே மேலே சொன்னாள். நாங்கள் படித்த தமிழ் வகுப்பு, நாங்கள் வெளியே வந்த மறுவருஷமே பத்துப் பேர் சேராமல் மூடப்பட்டது. அந்த அறை இப்போது கம்ப்யூட்டர் லேப். அவள் மகள் இந்த வருஷம் டிகிரி சேர்கிறாள். தமிழ் உண்டா என்று கேட்டால், அட்மிஷன் பட்டியலில் அந்தப் பெயரே இல்லையாம்.

"தாத்தா நோட்ட தெனம் தொறந்து பாக்கறா. அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எனக்கு ஸ்கூல் பசங்க நோட்டு திருத்தவே நேரம் சரியாப்போவுது, எங்க கத்துக்குடுக்கறது? எனக்கப்பறம் அது வெறும் காயிதம்தான்."

பஸ் திருப்பதிக்குள் நுழைந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழமை பொண்ணு வீட்ல இருப்பாளா?" என்று கேட்டேன்.