பக்கவாட்டில் பூஜ்யம்

என் அக்கா புருஷன் தீயணைப்பு நிலையத்தில் குழாய் பிடிப்பவர். நான் அதே வண்டிக்கு டிரைவர். அவர் சொன்ன இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டால் போதும். மூன்றாம் மாடி ஜன்னல் என்றால் தண்ணீர் அந்த ஜன்னலுக்குள்தான் போகும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் அவர் குடியைக் கெடுத்தது.

முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதிகாரி தேர்வில் தேறினால் மேஜை வேலை. தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வயது வரம்பில் இதுதான் கடைசி வாய்ப்பு. முன்பு இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் மண்ணைக் கவ்வியிருந்தார். ஊர் நெருப்பையெல்லாம் அணைத்தவருக்கு இயற்பியல் தண்ணி காட்டியது.

காலேஜில் படிக்கும் அவர் மகள் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தாள்.

"ரெண்டாப் பிரிச்சுக்கோங்கப்பா. மேலே கீழே ஒரு கணக்கு, பக்கவாட்டுல ஒரு கணக்கு. ஈர்ப்பு கீழேதான் இழுக்கும். பக்கவாட்டுல முடுக்கம் பூஜ்யம்."

"பூஜ்யமா? போகப் போகத் தண்ணி தொய்ஞ்சுடுதேம்மா."

"காற்றுத் தடையைப் புறக்கணிக்கணும். கேள்வியிலேயே போட்டிருப்பாங்க."

"போட்டவன் ஒரு நாளாவது குழாய் பிடிச்சிருக்கானா?"

நான் சிரித்தேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் மனிதர் வழிக்கு வந்தார். பந்து, கல், குண்டு என்று எதைக் கொடுத்தாலும் ஒரு மாதமாக மறக்காமல் பூஜ்யம் போட்டார். கரையேறிவிடுவார் என்று நானும் நம்பினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன மாமா கேட்டான்?"

"குழாய்க் கணக்கு. தண்ணி மேல்நோக்கி நொடிக்கு இருபது மீட்டர், பக்கவாட்டுல பதினஞ்சு. ஈர்ப்புக்குப் பத்து. எவ்வளவு தூரத்துல விழும்னு கேட்டான்."

எனக்கே மனக்கணக்கில் வந்தது. ஏற இரண்டு நொடி, இறங்க இரண்டு நொடி. நாலு பதினைந்து அறுபது.

"அறுபதுதானே?"

"அப்படித்தான் வந்துச்சு. ஆனா அந்த வேகத்துக்கு முப்பத்தஞ்சைத் தாண்டாது மாப்ள. அறுபதுல நின்னு அடிச்சா உள்ள இருக்கிறவன் வெந்துடுவான். அறுபதை அடிச்சுட்டு முப்பத்தஞ்சுன்னு எழுதிட்டேன்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "அது காகிதம் மாமா! காகிதத்துல எவன் வேகப் போறான்?"

இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று.

இப்போது ஒரு துணிக்கடை வாசலில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் பார்க்கப் போனேன். பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேட்டார்.

"மாப்ள, ஒருவேளை அறுபது போயிருக்குமோ?"

அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. போகாது மாமா என்றேன். அவர் நம்பவில்லை.