சின்னக் கார் போதும் எனக்கு

என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று என் கணவர் உயிரோடு இருந்தவரை கேலி செய்வார். உண்மைதான். வீட்டில் சும்மா உட்காரச் சொன்னால் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும். புதுச்சேரியில் காலையில் உப்பளம், மதியம் காலாப்பட்டு, சாயங்காலம் ஊருக்குள் என்று ஸ்கூட்டரில் அலைந்து, வீடு வீடாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. பிரான்சில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள்தான் பெரும்பாலும் என் மாணவிகள். ரொட்டிக் கடையில் எப்படிக் கேட்பது, டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று அவர்களைத் தயார்செய்து அனுப்பிவிட்டு, நான் இங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

போன மழையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தேன். முட்டி வீங்கிப் படுத்துக் கிடந்தபோது, பாரிஸ் பக்கத்தில் இருக்கும் என் மகன் தினமும் போன் செய்து, இனி ஸ்கூட்டரைத் தொடாதே, இங்கே வந்து எங்களோடு இரு என்றான். வலியில் சரி என்று சொல்லிவிட்டேன். அவன் மறுநாளே காகிதங்களைத் தயார்செய்ய ஆரம்பித்துவிட்டான்.

முட்டி தேறியதும் எனக்குப் பகீரென்றது. அதற்கு முன்பே ஒரு குளிர்காலம் முழுக்க அவன் வீட்டில் இருந்து பார்த்தவள் நான். மகனும் மருமகளும் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கும் போனபிறகு, எதிர் மாடியில் எந்தத் திரைச்சீலை அசைகிறது என்று பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் எங்கே போவதென்றாலும் யாராவது கூட்டிப்போக வேண்டும். அத்தனை பிரெஞ்சு தெரிந்து என்ன பிரயோஜனம், பேசத்தான் ஆளில்லை. மறுபடி அந்த ஜன்னலுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால், இங்கே நானாகப் போய்வர ஒரு வண்டி வேண்டும்.

அவனிடம் சொல்லாமல் கார் பார்க்கப் புறப்பட்டேன். கணவரின் பழைய காரை ஓட்டிய பழக்கம் உண்டு. எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்டோ திரும்புகிற இடத்தில் திரும்ப வேண்டும், எங்கள் வாசலுக்கும் பக்கத்து வீட்டு கேட்டுக்கும் நடுவே அடங்க வேண்டும், வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் ஏற வேண்டும். என் மாணவிகள் வகுப்பு நேரத்தை மாற்றுவதும், வரச்சொல்லி இடத்தை அனுப்புவதும் போனில்தான். அதனால் போனில் இருப்பது அப்படியே கண்ணெதிரே காரின் திரையில் தெரிய வேண்டும். அவ்வளவுதான். ஆனால் போன ஷோரூமிலெல்லாம் யானைக்குட்டி அளவுக்கு ஒரு வண்டியைக் காட்டி, மேடம் இதில் கூரை திறக்கும் என்றார்கள். புதுச்சேரி வெயிலில் கூரையைத் திறந்து வைத்து அப்பளமா காயப்போடுவது? எரிச்சலோடு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன்.

கடைசியில் ஒரு கடையில், நடுத்தர வயதுப் பெண் ஒருவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, ஒரு குட்டிக் காரின் சாவியை என் கையில் கொடுத்தார். போனை வண்டியோடு இணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுவரை போய்த் திரும்புவதாகப் பேச்சு. வண்டி கிளம்பியதே தெரியவில்லை. திரையில் என் போனின் வரைபடம் கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிள்ளைச்சாவடி வந்தபோது திரையில் என் மகனின் முகம் தோன்றியது. அங்கே காலை நேரம், ரயிலுக்கு நடந்து போகும்போதுதான் கூப்பிடுவான். துண்டித்துவிடலாம் என்று ஸ்டியரிங்கில் இருந்த பட்டனை அமுக்கினேன். அது எடுக்கிற பட்டன். நாலு கதவிலிருந்தும் அவன் குரல் வந்தது.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். வீட்டில் என்றேன். பெட்ரோல் காராக இருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன், இது மூச்சுக்கூட விடவில்லை. அவனும் நம்பி, நான் வரும்போது என்னென்ன கம்பளி கொண்டுவர வேண்டும் என்று பேசிக்கொண்டே போனான். பக்கத்திலிருந்த பெண் தன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. முன்னால் மீன் ஏற்றும் வண்டி நின்றிருந்தது, விலக இண்டிகேட்டர் போட்டேன். அதற்குள் பின்னால் சென்னை பஸ் வந்து காது கிழிய ஹாரன் அடித்தது.

"ஏம்மா, வீட்டுக்குள்ள பஸ்ஸு வருதா?"

இனி மறைக்க முடியாது. கார் ஓட்டிப் பார்க்கிறேன், சின்னக் கார், கரண்டில் ஓடுவது என்றேன். இங்கே வரப்போகிறவளுக்குக் கார் எதற்கு என்றான். ஓரம் கட்டியிருக்கலாம், தோன்றவில்லை. கையும் காலும் ஒரு வேலையில் இருந்தால்தான் எனக்கு உண்மை பேச வரும்.

"நான் வரலடா."

அவன் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"பாப்பா மேசைய எடுத்துட்டு உனக்குக் கட்டில் போட்டுட்டேன்மா."

திரும்பி அவனிடமே ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் வண்டி காலாப்பட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, ஓட்டுவது நான்.

"மேசைய திரும்பப் போட்டுடு. அவ படிக்கட்டும்" என்றேன்.

ஓட்டும்போது பேசாதே, போனை வை என்றான். எதை அமுக்கினால் அணையும் என்று தெரியவில்லை என்றேன். பக்கத்துப் பெண் உதவக் கையை நீட்டினார், வேண்டாம் என்று தலையாட்டினேன். அவனும் வைக்கவில்லை. காலாப்பட்டில் சாலை காலியாகும்வரை காத்திருந்து இண்டிகேட்டர் போட்டேன். டிக் டிக் என்று அங்கேயும் கேட்டிருக்க வேண்டும்.

"இப்ப எங்கம்மா திரும்பற?"

"ஊருக்குடா."

"சரி, கண்ணாடியப் பாத்துத் திரும்பு" என்றான்.