மீன் இல்லாத குழாய்

குழல்விளக்கை அணைத்துவிட்டுத்தான் தஸ்னீம் வேலையில் உட்காருவாள். அடுத்து ஜன்னல் திரை. அதற்கும் பிறகு கதவிடுக்கில் சுருட்டிச் செருகிய பழைய துப்பட்டா. யாராவது கதவைத் தட்டினால், "இருங்க இருங்க, சாயம் தெறந்திருக்கு!" என்று குரல் மட்டும் வெளியே வரும். சிதம்பரத்தில் அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அவளுக்கு வௌவால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

லால்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். முப்பதை நெருங்குகிறாள். பிரியாணிப் பொட்டலம் கட்டுகிற வெள்ளித்தாளைச் சுருள் சுருளாக வாங்கிவந்து சாயக் குப்பிகளுக்குச் சட்டை மாட்டுவதுபோலச் சுற்றிவைப்பாள். "எம் பொண்ணு ஆராய்ச்சிக்கு கரன்ட் பில்லே வராது" என்று அவள் உம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சாயம் வெளிச்சம் பட்டாலே கெட்டுவிடும். நல்ல நிலையில் அதற்கு ஒளி கிடையாது. உயிரணுவுக்குள் போய், அங்கே அளவுக்கு மீறிச் சேர்ந்து உயிரணுவை அரிக்கும் துடுக்கான ஆக்சிஜனைச் சந்தித்தால் மாறிவிடும். அப்புறம் நீல வெளிச்சம் காட்டினால் பச்சையாக ஒளிரும். பச்சை கூடக் கூட, அந்த உயிரணு அவ்வளவு அவதியில் இருக்கிறது என்று பொருள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி தஸ்னீம், "என்னம்மா, ரொம்ப டென்ஷனா?" என்று மீனின் செவுளைக் கேட்பாள்.

மீன் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிறது. அங்கே மீன் விற்கும் மங்கலம், ஆலைக் கழிவு வந்து சேரும் ஆற்று முகத்துவாரத்தில் பிடித்த மடவை மீனை உயிரோடு வாளியில் போட்டுக் கொடுப்பார். "இன்னா டீச்சர், கொழம்புக்கா ஆஸ்பத்திரிக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். பஸ்ஸில் கண்டக்டர் வாளியை எட்டிப் பார்த்து, "இதுங்களுக்கு அரை டிக்கெட்டா?" என்பார். ஒப்பிட்டுப் பார்க்க, அவ்வளவு கழிவு சேராத வெள்ளாற்றுப் பக்கத்து மடவையும் தனி வாளியில் வந்து சேரும்.

போன மழைக்காலத்தில் முகத்துவாரத்து மீன் பளீரென்று ஒளிர்ந்தது. வெள்ளாற்று மீனைவிட எவ்வளவோ அதிகம். அவளுடைய பேராசிரியர் தட்சிணாமூர்த்தி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "இது பேப்பர்ல வர வேண்டிய விஷயம்" என்று துள்ளிக்கொண்டு போனார். மறுநாளே நிருபர் வருவதாக ஏற்பாடு. போனில் விஷயத்தைக் கேட்ட மங்கலம், "போடுங்க டீச்சர். நாளைக்கு எங் கூடைய யாரு தொடுவா?" என்றதோடு வைத்துவிட்டார்.

அன்று மாலை பார்க்க மிச்சமிருந்தது ஒரே குழாய். அதில் மீன் கிடையாது, வெறும் சாயம்தான். இருட்டாக இருக்க வேண்டிய குழாய். தஸ்னீம் அதையும் வைத்துப் பார்த்தாள். பச்சை.

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே பச்சை. மீனே இல்லாத இடத்தில் யாருக்கு என்ன டென்ஷன்? மின்வெட்டில், சாயம் வைத்திருந்த உறைபெட்டி உருகிக் கிடந்த விடுமுறை நாட்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. சாயம் தானாகவே கெட்டிருந்தது. அந்தக் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

கழுவவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், நாளைக்கு அவுங்கள வரச்சொல்லாதீங்க. மீன் போடாத குழாயும் எரியுது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு மீனுக்கும் நடுவுல வித்தியாசம் இருக்குல்ல? அத மட்டும் சொல்லலாமே."

"இருக்கு சார். அது மீனோட வித்தியாசமா, கெட்ட சாயத்தோட வித்தியாசமான்னு எனக்கே தெரியல. தெரியாதத எப்படி சார் சொல்றது?"

நிருபர் வரவில்லை. அவள் போகவிருந்த கருத்தரங்கும் கைவிட்டுப் போனது. சில நாட்கள் பேராசிரியர் அவள் வணக்கத்துக்குத் தலையசைத்ததோடு சரி. பிறகு ஒருநாள் பனிக்கட்டிப் பெட்டி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, "புதுச் சாயம். முதல்ல உன் காலிக் குழாயப் பாரு" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

காலிக் குழாய் கன்னங்கரேலென்று இருந்தது. தஸ்னீம் இருட்டிலேயே ஒரு குதி குதித்து முட்டியை ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். அதன்பின் மீண்டும் மீண்டும் மீன், வாளி, கண்டக்டர். முகத்துவாரத்து மடவையில் பச்சை சற்றே தூக்கலாகத்தான் இருந்தது. முதலில் கண்ட கொள்ளிவெளிச்சம் இல்லை. ஆனால் உண்மையான பச்சை.

அதைச் சொல்ல அவள் நேரிலேயே போனாள். மங்கலம் கூடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஆத்து மொகத்து மீனுக்கு அவதி கொஞ்சம் ஜாஸ்திதான் அக்கா. மறைக்க மாட்டேன். ஆனா அன்னிக்கு நெனச்ச அளவுக்கு இல்ல."

"துன்னலாமா, கூடாதா? அத சொல்லு."

"அத என் சாயம் சொல்லாது. அதுக்கு வேற டெஸ்ட் இருக்கு. அனுப்பியிருக்கேன், இன்னும் வரல."

"இத்தினி மாசம் இருட்டுல குந்திக்கினு இதான் கண்டுபுடிச்சியா?" மங்கலம் அலுத்துக்கொண்டார். ஆனாலும் சாக்கை இழுத்துப் போட்டு, "குந்து" என்றார்.

ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண்மணி வண்டியை அணைக்காமலே கேட்டார்: "கடல் மீனுதானே? புதுசா?"

"என்னிய ஏன் கேக்குற? டீச்சரக் கேளு" என்று மங்கலம் முகவாயால் காட்டினார்.

தஸ்னீம் சுடிதார் கையை மடித்துவிட்டுக்கொண்டு கூடையிலிருந்து ஒரு கடல் சங்கராவைத் தூக்கினாள். நகத்தால் செவுள்மூடியை நெம்பி, உள்ளே இருந்த சிவப்பு நன்றாகத் தெரியும்படி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள்.