கடற்பீச்சானும் பெல்மதுளைப் பிள்ளைகளும்

கடலைப் பார்க்காத பிள்ளைகளுக்குக் கடல்பிராணியின் முளையம் (கரு) வளர்வதைப் படிப்பிப்பதுதான் பெல்மதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை உயிரியல் ஆசிரியரின் வேலை. உயர்தர வகுப்பில் வெண்கட்டியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் பாடு புரியும்.

மீன் கடையில்

கரும்பலகையில் படம் கீறி அலுத்துப்போய், கடற்பீச்சானை நேரிலேயே காட்டிவிட நினைத்தேன். படகின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், சின்னப் பை மாதிரியான பிராணி. அமுக்கினால் தண்ணீரைப் பீச்சும். மாத்தறையிலிருந்து மீன் கொண்டுவரும் சுனில் முதலாளியிடம் சொல்லிவைத்தேன். மறுவாரம் ஐஸ் பெட்டியின் மூலையிலிருந்து சிலதை எடுத்துத் தந்தவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் மெல்லச் சொன்னார்: “மாத்தயா, வீட்டில கஷ்டம்னா சொல்லுங்க. இதைச் சாப்பிட வேணாம். நான் மீனே சும்மா தாறேன்.”

அதிபர் அறை

எங்களுக்கு ஆய்வுகூடம் கிடையாது. கடற்பீச்சான்களைப் போட்டுவைத்த போமலின் போத்தலை அதிபரின் அலமாரியில்தான் வைத்தேன். யாழ்ப்பாணத்து மனிதர், பொறுமைசாலி. மூன்றாம் நாள் மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார்: “மாஸ்டர், உந்தப் போத்தலைப் பாத்துக்கொண்டு நான் எப்பிடிச் சோறு தின்னுறது?”

பெரட்டுக்களம்

கடற்பீச்சானின் முளையத்தில் எல்லாக் கலங்களிலும் (செல்களிலும்) இருப்பது ஒரே பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) தான். ஆனால் ஒரு கலம் வால்தசையாகிறது, இன்னொன்று தோலாகிறது. முட்டையின் ஒரு பக்கத்தில் தாய் வைத்துவிட்ட ஒரு பொருள் எந்தக் கலத்துக்குப் போகிறதோ, அங்கே தசைக்கான பரம்பரையலகுகள் விழிக்கும். மற்ற இடத்தில் தூங்கும். இவ்வளவும் சொல்லி முகங்களைப் பார்த்தேன். ஒன்றிலும் வெளிச்சமில்லை.

“காலையில பெரட்டுக்களத்துல கங்காணி வேலை பிரிக்கிற மாதிரி” என்றேன். எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரியும். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள். அந்தப் பொருளை வேறு கலத்துக்குள் விட்டால் அங்கேயும் தசைதான் வரும் என்றதும் பின்வரிசை மகேஸ்வரி எழுந்தாள்: “கங்காணி மாத்திச் சொல்லிட்டா, கொழுந்து எடுக்கிற மலையில போயி செடியைக் கவ்வாத்து வெட்டிட்டு வந்துருவாங்க. அப்படித்தானே சேர்?”

மகேஸ்வரியின் அம்மா

அவர் ஒருநாள் கொழுந்துக்குப் போகாமல் பாடசாலைக்கு வந்தார். இடுப்பில் கைக்குழந்தை, ஒரு பாதம் உள்பக்கமாகத் திரும்பிப் பிறந்த பிள்ளை. கிரகணத்தன்று அவர் காய் வெட்டியதால்தான் இப்படி என்று சொல்லி, புருஷன் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம். “நீங்க படிச்சுக் குடுத்ததைப் புள்ள சொன்னா சேர். ஏதோ முழிக்கணும், ஏதோ தூங்கணும்னு. வயித்துக்குள்ள அதை நான்தான் கெடுத்துட்டேனா?”

“இல்லம்மா” என்றேன். காரணம் டாக்டர்களுக்கே முழுசாகத் தெரியாது; ஆனால் கிரகணமும் இல்லை, கத்தியும் இல்லை. பிஞ்சுக் கால், மாவுக்கட்டுப் போட்டே திருப்பப் பார்ப்பார்கள் என்றேன். “இதை அவருகிட்ட வந்து சொல்லுங்க சேர்” என்று அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். புருஷன் வாசலில் நின்றபடியே கேட்டார். நான் முடித்ததும் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி, அந்தப் பாதத்தைத் தடவிக்கொண்டே நின்றார். கட்டு மாற்றி மாற்றி அது நேராகிப் பையன் நடந்தது பிறகு. எனக்கு மறக்காதது, அன்று அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னதுதான்: “நாளைக்கு ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போவோம். புள்ளைய நான் தூக்கிக்கிறேன், நீ வா.”

இத்தனை வருஷத்தில் கடற்பீச்சானைப் பற்றிப் பரீட்சைத்தாளில் ஒரு கேள்வியும் வரவில்லை. அந்தப் பாடம் உதவியது பரீட்சையே எழுதாத ஒருவருக்குத்தான்.