சின்ன ‘ர’ போட்ட தொட்டி

மொட்டைமாடி என்றால் அந்த வணிக வளாகத்தில் இரண்டு பொருள். ஒன்று, நான்காம் மாடிக்கு மேலே வெயிலில் பொரிந்துகொண்டிருக்கும் தளம். இன்னொன்று, பதினெட்டு வருடமாக அந்தத் தளத்தைப் பராமரிக்கும் மனிதர். தலையில் முடி இருந்தவரை அவரை வெறும் ‘மாடி’ என்றுதான் கூப்பிட்டார்கள். முடி கொட்டியதும் பெயர் தானாக நிறைவு பெற்றுவிட்டது.

அவருக்கு அந்தத் தளத்தைக் கண்டால் குமட்டும். செய்கிற வேலையை நேசிக்க வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால், அந்த ஆளை ஒரு நாள் மேலே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கை பரபரக்கும். வருடத்தில் எட்டு மாதம் வெயில். செருப்பு தாரில் ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் ‘சப், சப்’ என்று எச்சில் முத்தம் கொடுக்கும். தளத்தின் மேல் ஒட்டியிருக்கும் தார் ஷீட் பகலெல்லாம் கொப்புளம் கொப்புளமாக உப்பும், ராத்திரி சுருங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, கடைசியில் காய்ச்சல்காரன் உதடு மாதிரி வெடித்துப் பிளந்துகொள்ளும். மிச்ச நாலு மாதம் மழை. அது மேலிருந்து விழுகிற மழை இல்லை, பக்கவாட்டில் வந்து அறைகிற மழை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வானத்தோடு யார் சண்டை போடுவது? மனிதர்கள் செய்வதைத்தான் பொறுக்க முடியாது. கீழ்த்தளத்து உணவகத்தின் புகைக்குழாய் மாடியில் வந்து திறக்கிறது. அது துப்புகிற எண்ணெய்ப் பிசுக்கு தார் ஷீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அந்தப் பிசுக்கில் புறா எச்சம், புறா எச்சத்தில் சிகரெட் துண்டு. மழைநீர் இறங்குகிற துளையில் கையை விட்டால் வருவது என்ன என்று சாப்பிடுகிற நேரத்தில் சொல்லக் கூடாது. ஒரு தடவை யாரோ கழற்றி எறிந்த பல்செட் வந்தது. அது பல் டாக்டரம்மாவின் கிளினிக்கிலிருந்து வந்ததா என்று அவர் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அது யாருடையது என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த ஆளை லிஃப்டில் பார்க்க நேரும்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில். “மேலதானே, யார் பாக்கப் போறா?”

அந்தத் தளத்துக்கு நேர் கீழே, நான்காம் மாடியில், அந்தப் பல் கிளினிக் இருந்தது. அங்கே தரை துடைத்து, கண்ணாடி துடைத்து, குப்பை எடுக்கிற வேலை மொட்டைமாடியின் மனைவிக்கு. வீட்டில் ஒரு டம்ளரை மூன்று தடவை கழுவுகிற பெண். கணவர் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி, “சட்டைய அங்கேயே கழட்டிட்டு வாங்க, மேல இருக்கிற அசிங்கம் மேலயே இருக்கட்டும்” என்பாள். அப்படிப்பட்டவள் மீது நாற்றப் பழி விழுந்தது.

ஆறு மாதமாகக் கிளினிக்கில் ஒரு வாடை. முதலில் டாக்டரம்மா அது நோயாளிகளின் வாய் என்றே நினைத்தார். பல் கிளினிக்கில் வேறென்ன நினைப்பார்? நோயாளிகளும் தங்கள் வாய்தான் என்று வெட்கப்பட்டு, கையால் பொத்திக்கொண்டே பேசினார்கள். பிறகு எச்சில் துப்புகிற கிண்ணத்தின் குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். கழற்றி மாட்டிய பிறகும் வாடை அங்கேயே இருந்தது. போன இரண்டு வாரமாக அது வாடையாக இல்லை, ஆளைத் தள்ளுகிற நாற்றமாகிவிட்டது. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் ஒரு நாள் மூக்கைச் சுளித்தபடி சொன்னாள், “மாப்பு ஒழுங்கா அலசினா நாத்தம் வராது.” டாக்டரம்மா அதை மறுக்கவில்லை. “சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்க்கா. அப்புறம் நான் வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும், தப்பா நினைக்காதீங்க” என்றார்.

மனைவி வீட்டுக்கு வந்து அழவில்லை. இருந்த மாப்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைத்தாள்.

“வேலை போனாப் போகட்டுங்க. வேற இடம் கிடைக்கும். ஆனா நான் அழுக்குப் பிடிச்சவள்னு சொல்லி அனுப்புவாங்களே, அந்தப் பேரோட நான் எந்தப் படியேறுவேன்?”

“எங்கிருந்து வருதுன்னு நான் பாக்கறேன்.”

“நீங்க மாடியத்தானே பாப்பீங்க.”

அது குத்தலா, வெறும் பேச்சா என்று அவருக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை முழுக்க அவர் மாடியில் அலைந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டார். ஆறு மழைத் துளைகளையும் தோண்டினார். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஷீட் வாயைப் பிளந்திருந்தது. வருடா வருடம் அதைச் சொல்லி எழுதிக் கொடுப்பார். வருடா வருடம் வளாகத்து மேனேஜர் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் அனுப்பிவைப்பார். பெயிண்ட் அடித்தால் பிளவு மறையும், தண்ணீருக்கு மட்டும் வழி தெரியும். ‘நான் சொல்லியாச்சு’ என்று கையைக் கழுவிக்கொள்வது மொட்டைமாடியின் வழக்கம். பதினெட்டு வருடத்தில் அவர் அதிகம் கழுவியது அந்தக் கையைத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கிளினிக் பூட்டியிருந்த நேரம், மனைவியிடம் சாவி வாங்கி ஏணியோடு உள்ளே போனார். அவள் வெளியே காரிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நோயாளி படுக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் ஏணியைப் போட்டு, அதற்கு நேர் மேலே ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையை விரலால் தூக்கினார்.

நாற்றம் இறங்கி வந்து முகத்தில் உட்கார்ந்தது.

டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தவை தொட்டிகள். பிளாஸ்டிக் தொட்டிகள். அங்கொன்றும் இங்கொன்றுமாக, கம்பிகளின் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் வைத்த ஏழு தொட்டிகள். கான்கிரீட்டிலிருந்து ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்க வைத்தவை. பிடித்த தண்ணீரை யாரும் எடுக்கவில்லை. புறா எச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் கான்கிரீட்டில் வடிந்து, பழுப்பும் பச்சையுமாகச் சளி போலத் திரண்டு, மேலே ஆடை கட்டியிருந்தது. ஆடைக்கு அடியில் கொசுப் புழுக்கள் தலைகீழாக நெளிந்தன. நாற்காலிக்கு நேர் மேலே இருந்த தொட்டியில், தண்ணீர் குடிக்க வந்த எலி ஒன்று இரண்டு வாரமாக ஊறிப் பெருத்து, தன் தோலையே போர்வை மாதிரி நழுவவிட்டுக் கிடந்தது.

அதற்கு நேர் கீழேதான் ஜனங்கள் மல்லாந்து படுத்து, “ஆ... இன்னும் பெரிசா” என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல, வாயைத் திறந்திருக்கிறார்கள். ஆறு மாதமாக, தினமும் பதினைந்து வாய்.

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, யார் வைத்தது, எந்த நாய்ப் பிறவி வைத்தது என்று திட்டிக்கொண்டே டார்ச்சை அருகில் கொண்டுபோனார். தொட்டியின் பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது.

‘தர்காலிகம்.’

வாயில் இருந்த திட்டு வாயிலேயே நின்றது. உலகத்தில் எல்லோரும் ‘தற்காலிகம்’ என்று பெரிய ‘ற’ போட்டு எழுதுவார்கள். சின்ன ‘ர’ போடுகிறவர் ஒரே ஒருவர். எந்த ‘ர’ எங்கே என்று அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஒரு தடவை மேனேஜருக்குக் ‘கூறை ஒழுகுகிறது’ என்று எழுதப்போக, மனைவி அதைப் படித்துவிட்டு, “கூறைன்னா கல்யாணப் புடவைங்க. என் புடவை எங்க ஒழுகுதாம்?” என்று ஒரு வாரம் சிரித்தாள்.

தொட்டியின் நிறத்தையும் அப்போதுதான் பார்த்தார். நீலம்.

ஆறு வருடத்துக்கு முன், கிளினிக் திறக்கிற நாளன்று காலையில் மழை. நாற்காலிக்கு மேலே சொட்டியது. அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்த மேனேஜர் கையைப் பிசைந்தார். “அண்ணே, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஏதாவது பண்ணுங்கண்ணே.” மொட்டைமாடி வீட்டுக்கு ஓடி, துணி ஊறவைக்கிற நீலத் தொட்டியைத் தூக்கி வந்து, எழுதி, மேலே வைத்து, பலகையை மூடினார். மறுநாள் எடுத்துவிடலாம். மறுநாள் மழை விட்டது. சொட்டுவது வெளியே தெரியவில்லை. மறந்துவிட்டார் என்று சொன்னால் அது பாதிப் பொய். நினைவு வரும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்துக்கொண்டார்.

மற்ற ஆறு தொட்டிகளிலும் டார்ச்சை அடித்தார். ஏசி மெக்கானிக் வைத்தது, எலெக்ட்ரீஷியன் வைத்தது, எவரோ வைத்தது. கையெழுத்து வேறு வேறு. முதல் தொட்டியைப் பார்த்து, அதுதான் முறை போலிருக்கிறது என்று எல்லோரும் அப்படியே எழுதியிருந்தார்கள். தர்காலிகம், தர்காலிகம், தர்காலிகம். அவருடைய தப்பு குட்டி போட்டிருந்தது.

ஏணிக்குக் கீழே வாசனைத் திரவத்தை ‘புஸ்ஸ்’ என்று அடித்தபடி மேனேஜர் வந்து நின்றார். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“அண்ணே, இறங்குங்க. டாக்டரம்மா வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நாத்தத்தப் பாத்தா எலிதான் செத்திருக்கும், அத மட்டும் எடுத்துட்டு, எல்லாத்தையும் காலி பண்ணி, திரும்ப அங்கேயே வெச்சிடுங்க.”

“திரும்பவுமா?”

“அடுத்த வாரம் மழைண்ணே. தார் ஷீட் முழுசா மாத்தணும்னா ஓனர்கிட்ட நான் என்னன்னு போய் நிக்கிறது? கேட்டா எலி செத்திருந்துச்சு, எடுத்தாச்சுன்னு சொல்லிடுங்க.”

“எலி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே சார்.”

“குப்பைய சரியா எடுக்கலைன்னா எலி வரத்தான் செய்யும்” என்றார் மேனேஜர். சொன்ன பிறகுதான் குப்பை எடுப்பது யார் என்பது அவருக்கு உறைத்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டார். “அண்ணி விஷயம் நான் பேசிக்கிறேண்ணே. வேற ஃப்ளோர்ல போட்டுடலாம். நீங்க யோசிச்சுக்கோங்க. எழுத்து உங்களது. நான் பாக்கல, எனக்குத் தெரியாது.”

‘புஸ்ஸ்’ என்று இன்னொரு முறை அடித்தார். செத்த எலியும் ரோஜாவும் கலந்த அந்த வாசனைதான் மொட்டைமாடிக்கு அன்று தாங்க முடியாததாக இருந்தது.

அவர் இறங்கி, ஒரு வாளியோடு திரும்ப ஏறினார். ஆறு தொட்டிகளை ஒவ்வொன்றாக வாளியில் காலி செய்தார். முழங்கை வரை சளி வழிந்தது, ஒரு துளி உதட்டில் பட்டது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து மேனேஜர் நிம்மதியாகப் போனார். நீலத் தொட்டியில் பாதித் தண்ணீரை மட்டும் மொண்டு ஊற்றிவிட்டு, எலியோடு அதை மார்போடு அணைத்து இறக்கி, வரவேற்பறையின் நடுவில், கண்ணாடிபோலத் துடைத்திருந்த தரையில் வைத்தார். அதன் பக்கத்தில் நின்றார்.

நாற்றம் காரிடாருக்குப் போய் மனைவியைக் கூட்டி வந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். எலியைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். பிறகு எழுத்தைப் பார்த்தாள். மூக்கிலிருந்து கை இறங்கியது.

“இது என் தொட்டி.”

“ம்.”

“காத்துல பறந்துபோச்சுன்னீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“பறந்து விழுந்தத பக்கத்து வீட்டுக்காரி திருடிட்டான்னு ஆறு வருஷமா அவகூட நான் பேசலையே! அவ வீட்டுல பிள்ளை பிறந்துச்சு, நான் எட்டிப் பாக்கல. காத்துல பறந்ததா உங்க தொட்டி?”

அதற்குள் டாக்டரம்மாவும் வரவேற்புப் பெண்ணும் வந்துவிட்டார்கள். அந்தப் பெண் ஓங்கரித்தபடி கழிவறைக்கு ஓடினாள். டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டார்.

“இது எங்க இருந்துச்சு?”

“உங்க நாற்காலிக்கு நேர் மேல, மேடம். இன்னும் ஆறு இருக்கு.”

“யார் வெச்சது?”

மேனேஜர் பெயரைச் சொல்லியிருக்கலாம். பாதி உண்மையாகவும் இருந்திருக்கும்.

“இத நான்தான் வெச்சேன். ஒரு நாளைக்குன்னு வெச்சது. மேல ஷீட் கிழிஞ்சிருக்கு, மொத்தமா பிரிச்சு மாத்தணும். பெயிண்ட் அடிச்சா நிக்காது. இவங்க மாப்புல ஒண்ணும் இல்ல மேடம்.”

டாக்டரம்மா உள்ளே போய், நாற்காலிக்கு மேலே திறந்து கிடந்த பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தார். எத்தனை வாய் என்று அவரும் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். “அக்கா, மன்னிச்சுக்கோங்க.”

“பரவால்ல மேடம்” என்றாள் அவள். முகத்தில் பரவாயில்லை என்று ஒன்றும் இல்லை. வரவேற்புப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததும், “அந்த மாப்ப கொஞ்சம் எடும்மா, இந்த இடத்த நீ துடை” என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது தொட்டியை அவரையே சுமக்கவைத்தாள். நாலு தடவை தேய்த்துக் கழுவியும் அது நாறியது. தன் வீட்டு வாசலைத் தாண்டிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. ஆறு வயதாகப்போகிற பிள்ளை ஒன்று பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

“தொட்டி கிடைச்சிருச்சு” என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுக்காரி தொட்டியைப் பார்த்தாள், அதைத் தூக்கிக்கொண்டு நின்ற மொட்டைமாடியைப் பார்த்தாள். “எங்க இருந்துச்சாம்?”

“இவரையே கேளு. எனக்குச் சொல்ல வாய் கூசுது.”

“அத அப்புறம் கேக்கறேன். முதல்ல அவர வெளியவே நிக்கச் சொல்லு, நீ மட்டும் உள்ள வா.”

கிளினிக் ஒரு மாதம் மூடியிருந்தது. டாக்டரம்மா ஓனருக்கே நேரடியாக நோட்டீஸ் அனுப்பியதில் ஆட்கள் வந்து தார் ஷீட்டைச் சுரண்டி எடுத்தார்கள். மனைவிக்கு வேலை இருந்தது, பேரும் இருந்தது. மொட்டைமாடிக்கு மேனேஜரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நடந்த அசிங்கத்துக்கு அவரே பொறுப்பு என்றும், கூரை வேலை முடிகிற வரை மட்டும் பணியில் நீடிக்கலாம் என்றும் இருந்தது.

மனைவி அதை வாங்கி, ஒரு வரியில் விரலை வைத்து உரக்கப் படித்தாள்.

“‘தற்காலிகமாக.’ பாருங்க, பெரிய ‘ற’ போட்டிருக்காரு. படிச்சவரு.”

கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கையைப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.